முப்பது செகண்ட் அக்காவின் கைப்பை

முப்பது என்பது அவள் வயதல்ல. வயதைக் கேட்டால் நாற்பத்தாறு என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். ரத்த வங்கியின் கம்ப்யூட்டர் அறைக்கு அவள் ஒருத்திதான் ஆள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கதவைத் தட்டி யார் எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "ஒரு முப்பது செகண்ட் குடுங்க" என்பதுதான். பிரிண்டர் மக்கர் பண்ணுகிறதா, முப்பது செகண்ட். பாஸ்வேர்டு மறந்துபோச்சா, முப்பது செகண்ட். கட்டடம் தீப்பிடித்தாலும் இந்தம்மா முப்பது செகண்ட் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கும் என்று லேப் ஆட்கள் சிரித்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பிரியமுள்ளவர்களுக்கு முப்பது அக்கா, மற்றவர்களுக்கு வெறும் முப்பது.

சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. அந்த முப்பது செகண்ட் சும்மா வாயில் வந்ததில்லை. தன் கையால் ஒரு ஃபைலில் அவள் எழுதிவைத்தது. அதைச் சொல்லாமல் இவளைப் பற்றிச் சொல்லவே முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ராக்கெட் விடுகிற சமாச்சாரம் ஒன்றும் இல்லை.

அந்த அறையில் ஓடுவது ஒரு லினக்ஸ் சர்வர். கரண்ட் கொடுத்ததும் முதலில் எழுந்திருப்பது கர்னல் என்கிற நடுநாயகம். எழுந்ததும் அதற்கு ஒன்றும் தெரியாது. டிஸ்க்கைப் படிக்க வேண்டும். படிக்க, அந்த டிஸ்க்கோடு பேசத் தெரிந்த டிரைவர் என்கிற குட்டி புரோகிராம் வேண்டும். டிரைவரோ அந்த டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிற கதை. இதற்காகத்தான் கர்னல் கையில் முன்கூட்டியே ஒரு சின்ன மூட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். பூட் இமேஜ் என்று பெயர். முதல் ஒரு நிமிஷத்துக்கு வேண்டிய டிரைவர், நாலைந்து கட்டளை, எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்கிற குறிப்பு, அவ்வளவுதான் அதில் இருக்கும். இவள் அதைக் கைப்பை என்பாள். "வெளியூர் போனா பெரிய பெட்டியோட சாவி எங்க இருக்கணும்? கைப்பையில. அதேதான் இதுவும்" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லுவாள். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் டிஸ்க்கின் ஒரே தடுப்பில், அதாவது ஒரே பார்ட்டிஷனில் கொட்டிவைத்திருந்தால் இந்தக் கைப்பைக்கு அவ்வளவு வேலை கிடையாது. இவள் பிரித்து வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் அடித்தளமான ரூட் தனி, கட்டளைகளெல்லாம் இருக்கிற யுஎஸ்ஆர் தனி, பதிவுகள் வந்து விழுகிற வார் தனி. காரணம் இருக்கிறது. வேலைக்கு வந்த முதல் வருஷம் ஏதோ ஒரு புரோகிராம் கிறுக்குப் பிடித்து லாக் என்கிற பதிவுகளை எழுதித் தள்ளி, டிஸ்க் முழுவதையும் நிரப்பி, சர்வரையே ஒரு பகல் முழுக்கப் படுக்கவைத்துவிட்டது. அன்றைக்கு அவள் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. மறுநாளே பிரித்தாள். ஒரு அறையில் புகை வந்தால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது, அதுதான் அவள் கட்சி.

முதல் டிஸ்க்கில் இடம் போதாமல் யுஎஸ்ஆரும் வாரும் இரண்டாவது டிஸ்க் பெட்டிக்குப் போயின. பழைய பெட்டி. கரண்ட் வந்ததும் அது எழுந்து, சோம்பல் முறித்து, நான் இருக்கிறேன் என்று சொல்ல இருபத்து மூன்று செகண்ட் ஆகும். கர்னலுக்கு அதுவரை பொறுமை கிடையாது. அதனால் கைப்பை கட்டுகிற புரோகிராமின் ஃபைலில் இவள் இரண்டு வரி எழுதினாள். இந்தப் பெட்டியின் டிரைவரைக் கட்டாயம் எடுத்துக்கொள். முப்பது செகண்ட் காத்திரு. மேலே ஒரு குறிப்பும் போட்டாள்: 'இதை எடுக்காதே. பெட்டி எழுந்திருக்க நேரம் வேணும்.' புதுப் பெட்டி கேட்டு அனுப்பிய கடிதம் மேலிடத்தில் மூன்று வருஷமாக நல்ல தூக்கத்தில் இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். எட்டு வயது சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று அடம்பிடித்து அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டவள். ஜன்னல் திரை தைக்கிற கடையில் வேலை. வாய் ஓயாது. அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக், பேச்சைக் காசாக நினைத்துச் செலவழிக்கிற மனுஷன். அவரையே சாப்பாட்டு மேஜையில் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கவைப்பாள். "மாமா, நீங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவாங்க?" என்று ஒரே கேள்வியை வருஷக்கணக்காகக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் யோசித்துவிட்டு வேறு வேறு பதில் சொன்னார்.

சின்னவளுக்கு ரத்தம் அரிய வகை. இந்த ரத்த வங்கியின் பதிவேட்டிலேயே அந்த வகைக்கு மொத்தம் ஐந்து பேர்தான். அக்காவுக்கோ எல்லோருக்கும் இருக்கிற சாதாரண ரத்தம். "பாத்தியா, உனக்குக் கூட்டத்தோட கூட்டமா ரத்தம், எனக்கு ராணி ரத்தம்" என்று சின்னவள் கேலி பண்ணுவாள். வங்கியிலிருந்து போன் வந்தால் தைக்கிற துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவருவாள். பத்தொன்பது தடவை கொடுத்திருக்கிறாள். தூக்கத்தில் கூப்பிட்டாலும் காதில் விழவேண்டும் என்று ரத்த வங்கி நம்பருக்கு மட்டும் சேவல் கூவுகிற ரிங்டோன் வைத்திருந்தாள். பஸ்ஸில், கடையில், ஒருமுறை சாவு வீட்டில்கூட அந்தச் சேவல் கூவி மானத்தை வாங்கியது. "மாத்தித் தொலைடி" என்று அக்கா எத்தனையோ முறை திட்டிப் பார்த்துவிட்டாள். "சேவலுக்கு எழுந்திரிக்காதவ எதுக்கு எழுந்திரிப்பா?" என்று சொல்லி அவள் மாற்றவே இல்லை.

அந்தச் சின்னவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். முப்பத்தெட்டு வயது. ரத்தம் கிடைக்காமல் போகவில்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "ஊருக்கே ரத்தம் குடுத்த பொண்ணாச்சே" என்று ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு அவர்களை எழுந்து போகச் சொல்லவேண்டும் போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லை.

அவள் அழவில்லை. அடக்கிக்கொண்டு இருந்தாள் என்று நினைக்காதீர்கள். அடக்குவதற்கு ஏதாவது இருந்தால்தானே? உள்ளே தேடிப் பார்த்தாள், ஒன்றுமே இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி மாதிரி கன்னம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். சாப்பிட்டாள், உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. குளித்தாள், சோப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை போட்டாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று அத்தை ஒருத்தி சமையலறையில் சொன்னது காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள்.

பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். அன்றைக்குச் செய்யவேண்டிய அப்டேட் ஒன்று காத்திருந்தது. உட்கார்ந்து ஓடவிட்டாள். கைப்பையை வைக்கிற பூட் பார்ட்டிஷன் சின்னது, இடம் போதவில்லை என்றது. பழைய கர்னலையும் அதனுடைய இமேஜையும் அழித்தாள். எப்போதும் ஒரு பழையதை வைத்துக்கொள்வாள், அன்றைக்கு வைக்கவில்லை. பிறகு அவளுடைய இரண்டு வரி இருக்கிற அந்த ஃபைலைப் பற்றித் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த ஃபைலில் நீங்கள் கைவைத்திருக்கிறீர்கள், உங்கள் பழையதையே வைக்கவா, அல்லது நாங்கள் தரும் புதியதைப் போடவா? பன்னிரண்டு வருஷமாக இந்தக் கேள்வி வருகிறது. பன்னிரண்டு வருஷமாக அவள் விரல் தானாகப் பழையதுக்குப் போகும். ஒன்றும் பண்ணாமல் சும்மா என்ட்டர் தட்டினால்கூடப் பழையதே தங்கிவிடும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அவள் 'ஒய்' அழுத்தினாள். புதியதைப் போடு. ஏன் என்று அவளுக்கே தெரியாது. அழுத்தியது நினைவிலும் தங்கவில்லை.

இமேஜ் கட்டினால் உடனே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்க்காமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்று வெளியே ரத்ததான முகாம். "இன்னைக்கு சர்வரை நிறுத்தவேண்டாம்" என்றார் டாக்டரம்மா. அவர்தான் வங்கிக்குப் பொறுப்பான மருத்துவர். சரி நாளைக்கு என்று விட்டாள். அந்த நாளை வரவே இல்லை. ஏழு மாசம் சர்வர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நிறுத்தினால் அல்லவா தெரியும்?

அவளும் ஓடினாள். தினம் ஒன்பது மணிக்கு வந்தாள், ஐந்தரைக்குப் போனாள். சின்னவளின் போன் அவள் கைப்பையில் இருந்தது. இது நிஜக் கைப்பை, தோளில் மாட்டுவது. இரவு தன் போனுக்குச் சார்ஜ் போடும்போது அதற்கும் போட்டாள், தேதி தவறாமல் ரீசார்ஜும் செய்தாள். வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு, "எதுக்கு இது?" என்றார். "பேங்க்லேருந்து ஏதாவது மெசேஜ் வரும்" என்றாள். சின்னவளின் பேங்க் கணக்கை மூடி ஐந்து மாசம் ஆகியிருந்தது, மூடப் போனவரே அவர்தான். சார்ஜர் வயரைச் சுருட்டி ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார்.

செய்யாத வேலை இன்னொன்றும் இருந்தது. பதிவேட்டில் இருக்கிற கொடையாளர் யாராவது இறந்துபோனால் அவர் பக்கத்தைத் திறந்து 'மறைந்தவர்' என்று மாற்றவேண்டும். அந்த அதிகாரம் இவளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள், இவள் மாற்றுவாள். எத்தனையோ பேருக்கு மாற்றியிருக்கிறாள், பத்து செகண்ட் வேலை. சின்னவளுக்கான சீட்டு மேஜை இழுப்பறையில் கிடந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொடையாளர்களைக் கூப்பிடுகிற போன் அறையில் இருந்த பழைய ஆளுக்கு விஷயம் தெரியும், பட்டியலில் அந்தப் பெயர் வந்தால் தாண்டிப் போய்விடுவார். ஏழாவது மாசம் அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் ஐம்பது வயது தாண்டிய கலகலப்பான ஆசாமி. வந்த இரண்டாம் நாளே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துப் பெயர் வாங்கிவிட்டார். அவருக்கு இது எதுவும் தெரியாது.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கட்டடத்தின் கரண்ட் பேனலை மாற்றுகிறார்கள் என்று முன்பே சுற்றறிக்கை வந்திருந்தது. ஒன்பதரைக்கு சர்வரை ஒழுங்காக நிறுத்தினாள். பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. பட்டனை அழுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். திரையில் எழுத்துகள் ஓடின, நின்றன. ரூட் கிடைத்தது, யுஎஸ்ஆர் கிடைக்கவில்லை, இனி நீயே பார்த்துக்கொள் என்கிற தொனியில் ஒரு வரி. கீழே ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

அவளுக்குப் பதற்றம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். பழைய முப்பதாக இருந்தால் நின்றபடியே கீபோர்டைத் தட்ட ஆரம்பித்திருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். பொதுவாகக் கதவைத் தட்டுகிறவர், அன்று தட்டவில்லை. "பிரசவ வார்டுல ஒரு பொண்ணு. குழந்தை பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கல. அரிய வகை. இருந்த ஒரு பையையும் ஏத்தியாச்சு. மத்த ரெண்டு வங்கியிலயும் கேட்டேன், இல்லைங்கறாங்க. இன்னும் ரெண்டு பை வேணும். ஒரு மணிக்குள்ள ஆள் வந்தாத்தான் எடுத்து, சோதிச்சு, ஏத்த முடியும். பதிவேட்டைத் திற."

"சர்வர் எழுந்திரிக்கல டாக்டர்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

முப்பது செகண்ட் என்று அவள் சொல்லவில்லை. "தெரியல" என்றாள். டாக்டரம்மா அவளை ஒருமாதிரிப் பார்த்தார். "அந்த வகையில அஞ்சு பேர் இருந்தாங்களே, யாரோட நம்பராவது உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்கவேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஐந்தில் ஒரே ஒரு நம்பர் அவளுக்கு மனப்பாடம். "இல்லை டாக்டர்" என்றாள்.

சர்வர் சப்ளை செய்த கம்பெனியின் எஞ்சினியருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "டிஸ்க் பெட்டி போயிருக்கும் மேடம். எத்தனை தடவை சொன்னேன், இந்தப் பிரிச்சு வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்னு? இப்ப எவன் பிரிக்கிறான்? எல்லாத்தையும் அழிச்சு ஒரே பார்ட்டிஷனாப் போட்டு, போன வார பேக்கப்பை ஏத்திடலாம். ராத்திரிக்குள்ள முடிச்சுடலாம்." ராத்திரிக்குள்! இந்த மாதிரி ஆட்களுக்கு எதையாவது அழிக்கச் சொல்வதென்றால் அப்படி ஒரு ஆனந்தம். அவள் போனை வைத்துவிட்டாள்.

பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தாள். விளக்கெல்லாம் பச்சை. உயிரோடுதான் இருந்தது. திரைக்கு வந்து கண்ணில் படுகிற டிஸ்க்குகளைக் காட்டச் சொன்னாள். முதல் டிஸ்க் மட்டும். முப்பது எண்ணிவிட்டு மறுபடி கேட்டாள். மறுபடியும் முதல் டிஸ்க் மட்டும். அப்படியானால் பெட்டி தாமதமாக எழுந்திருக்கிறது என்பதில்லை, கர்னலுக்குப் பெட்டி இருப்பதே தெரியவில்லை. கைப்பையில் டிரைவர் இல்லை. டிரைவர் எங்கே? யுஎஸ்ஆரில். யுஎஸ்ஆர் எங்கே? அந்தப் பெட்டிக்குள். அவள் பன்னிரண்டு வருஷமாகப் புதியவர்களுக்குச் சொன்ன அதே கதைதான்.

பழைய கர்னலில் எழுப்பலாமே என்று மெனுவுக்குப் போனாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது. இமேஜின் தேதியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினாறாம் நாள். அப்போதுதான் அந்தக் கேள்வியும், அதற்குப் போன விரலும் ஞாபகத்துக்கு வந்தன. 'நான்தான்' என்று நினைத்தாள். 'நான்தான் இதைப் பண்ணியிருக்கேன்.' வார்டில் முகம் தெரியாத ஒரு பெண் படுத்திருக்கிறாள், பக்கத்தில் இன்றைக்குப் பிறந்த குழந்தை, தான் அழுத்திய ஒரு எழுத்தால் அவர்களுக்கு வரவேண்டியது வராமல் நிற்கிறது. இதை நினைத்தும் உள்ளே எதுவும் அசையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயம்கூடத் தூரத்தில், வேறு யாருக்கோ வந்தது போலிருந்தது.

மணி பதினொன்று நாற்பது.

இழுப்பறையில் ஒரு பென்டிரைவ் உண்டு. அதில் தனியாக ஒரு குட்டி லினக்ஸ், எல்லாப் பெட்டிக்கும் உண்டான டிரைவர்களோடு. எடுக்கும்போது சின்னவளின் சீட்டு விரலில் பட்டது. தள்ளிவைத்துவிட்டு எடுத்தாள். அதிலிருந்து சர்வரை எழுப்பினாள், முப்பது எண்ணினாள், டிஸ்க்குகளைக் கேட்டாள். இரண்டும் வந்தன. இனி வரிசை தப்பக்கூடாது. முதலில் ரூட்டை ஒரு காலி இடத்தில் மாட்டவேண்டும். அதற்குள் யுஎஸ்ஆர், பிறகு வார், பிறகு பூட். அதன் பிறகு கர்னலோடு பேசத் தேவையான மூன்று உள்வாசல்கள். எல்லாம் மாட்டிய பிறகு உள்ளே நுழைந்தால், படுத்திருக்கிற சர்வருக்குள்ளேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மாட்டும்போதே ஒருமுறை பூட்டை மறந்தாள். அதை மாட்டாமல் இமேஜ் கட்டியிருந்தால் அது வேறெங்கோ போய் விழுந்திருக்கும், இன்னொரு அரைமணி காலி. கடைசி நிமிஷத்தில் பார்த்து மாட்டினாள்.

ஃபைல் இருக்கிற இடத்துக்குப் போனாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருந்தன. ஒன்று அன்றைக்கு அவள் 'ஒய்' சொல்லி ஏற்றுக்கொண்ட புதியது, வெள்ளையும் சள்ளையுமாக ஒன்றும் இல்லாமல். இன்னொன்று அவளுடையது. வாலில் 'பழையது' என்று அடையாளம் போட்டு, சிஸ்டமே ஓரமாக எடுத்துவைத்திருந்தது. மாற்றச் சொல்லியும் அழிக்கவில்லை. திறந்தாள். டிரைவர் வரி இருந்தது. முப்பது செகண்ட் வரி இருந்தது. 'இதை எடுக்காதே. பெட்டி எழுந்திருக்க நேரம் வேணும்.' முப்பத்துநான்கு வயதில் தானே எழுதியதை யாரோ எழுதியது போலப் படித்தாள்.

பழையதை அதன் இடத்தில் திருப்பி வைத்து இமேஜைக் கட்டினாள். டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டே வார்டுக்குப் போன் பேசினார். "பிரஷர் எவ்வளவு... சரி... சரி... நான் பாத்துக்கறேன்." இமேஜ் முடிந்தது. அன்றைக்குப் பார்க்காததை இன்றைக்குப் பார்த்தாள். கட்டிய மூட்டையைப் பிரித்துப் பட்டியல் கேட்டு, அதில் அந்த டிரைவரின் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினாள். இருந்தது. மாட்டியதையெல்லாம் வரிசையாகக் கழற்றிவிட்டு, பென்டிரைவைப் பிடுங்கி, ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

"இப்ப?" என்றார் டாக்டரம்மா.

"முப்பது செகண்ட்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். இருபது வரை ஒன்றும் இல்லை. டாக்டரம்மா வாய்க்குள் எண்ணுவது கேட்டது. இருபத்து மூன்றில் பெட்டி 'கடக்' என்றது. முப்பதில் ரூட் வந்தது, யுஎஸ்ஆர் வந்தது, வார் வந்தது. பிறகு மளமளவென்று வரிகள் ஓடி, பெயர் கேட்டு நின்றது.

"வந்துடுச்சு!" என்று டாக்டரம்மா கத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் அறையில் தயாராக உட்கார்ந்திருந்தவருக்குக் கையைக் காட்டினார். மணி பன்னிரண்டு இருபத்தைந்து. "நான் ரத்தம் எடுக்கிற அறையைத் தயார் பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

போன்காரர் தன் திரையில் அரிய வகையைத் தட்டித் தேடினார். ஐந்து பெயர்கள் வந்தன. யார் அருகில் இருக்கிறார்கள், யார் கொடுத்து நாளாயிற்று என்று பார்த்து அந்த புரோகிராமே வரிசைப்படுத்தும். அதுவும் இவள் எழுதியதுதான். முதல் பெயருக்கு நேரே பச்சைக் கட்டம். வீடு மிக அருகில். கடைசியாகக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. முழுத் தகுதி. போன்காரர் ரிசீவரைக் காதில் வைத்து நம்பரைத் தட்டினார்.

கம்ப்யூட்டர் அறையில், நாற்காலியில் தொங்கிய கைப்பைக்குள், சேவல் கூவியது.

அவள் அசையாமல் நின்றாள். சேவல் இன்னொரு முறை கூவியது. நல்ல கொழுத்த சேவல், தொண்டையைத் திறந்து. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். போன்காரர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி விரலால் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எடுக்காவிட்டால் அவர் மறுபடி போடுவார். நல்ல மனுஷர், அவசரம் என்றால் ஐந்து தடவை போடுவார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிமிஷம். ஒரு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் பையைத் திறந்து போனை எடுத்தாள். திரையில் 'அக்கா ஆபீஸ்' என்று வந்திருந்தது. ரத்த வங்கியை அந்தக் கழுதை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். அழுத்தினாள்.

"வணக்கம்மா, ரத்த வங்கியிலேருந்து பேசறோம். சிரமத்துக்கு மன்னிக்கணும். ஒரு பொண்ணுக்கு அவசரமா ரத்தம் வேணும், நீங்க உடனே கிளம்பி வந்தீங்கன்னா..."

"அவ இல்லைங்க" என்றாள்.

"எப்ப வருவாங்கம்மா? ரொம்ப அவசரம்."

"அவ செத்துப்போயிட்டா." இந்த வார்த்தையை அவள் வாய் இதுவரை சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். "ஏழு மாசம் ஆச்சு. நீங்க அடுத்த நம்பருக்குப் போடுங்க. நேரமில்லை."

"அய்யய்யோ... மன்னிச்சுக்கங்கம்மா. பதிவுல இருக்கேன்னு... நீங்க யாரும்மா பேசறது?"

"அக்கா."

குரல் இரண்டு பக்கமிருந்தும் வருகிறது என்று அவருக்கு ஏதோ பட்டிருக்கவேண்டும். திரும்பினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இன்னொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தார். வாய் ஓயாத அந்த மனுஷரின் முகம் விழுந்துபோனது. மெல்ல ரிசீவரை வைத்தார், எடுத்தார், அடுத்த நம்பரைத் தட்டினார்.

இரண்டாவது ஆள் லாரி டிரைவர், ஊரில்தான் இருந்தார், இதோ வருகிறேன் என்றார். மூன்றாவது எடுக்கவில்லை. நான்காவது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா, வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்தார். ஒரு மணிக்குள் இரண்டு பேரும் படுக்கையில் கையை நீட்டியாகிவிட்டது.

அவள் இழுப்பறையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சின்னவளின் பக்கத்தைத் திறந்தாள். பெயர், முகவரி, பத்தொன்பது தேதிகள். முகவரி தன் வீட்டு முகவரி. நிலை என்ற இடத்தில் 'மறைந்தவர்' என்று மாற்றினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. இந்தக் கேள்வியையும் அவள்தான் எழுதி வைத்திருந்தாள், கை தவறி யாரும் உயிரோடு இருக்கிறவரை அனுப்பிவிடக் கூடாதே என்று. இந்த முறை தெரிந்தே 'ஒய்' அழுத்தினாள். பச்சைக் கட்டம் போய்விட்டது. பட்டியலில் நாலு பேர்.

நாலு மணிக்கு டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் வியர்வை, ஆனால் சிரிப்பு. "நின்னுடுச்சு. ரத்தம் நின்னுடுச்சு. பொண்ணு கண்ணு முழிச்சுக் குழந்தையைக் கேக்கறா. எனக்கு அந்த ரெண்டு பையோட ரிப்போர்ட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடு, வார்டுக்குக் கொண்டுபோகணும்."

அவள் திரும்பவில்லை. மேஜைமேல் சின்னவளின் போன் இருந்தது. அதன்மேல் அவள் கை இருந்தது.

"டாக்டர்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "ஒரு முப்பது செகண்ட் குடுங்க."

டாக்டரம்மா பன்னிரண்டு வருஷமாக இதற்குச் சிரித்தவர். இப்போது சிரிக்கவில்லை. உள்ளே வந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியின் திரையை இழுத்துவிட்டார். அந்தத் திரை சின்னவள் தைத்துக் கொடுத்தது. பிறகு ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது செகண்ட் எப்போதோ முடிந்துபோயிற்று. அவள் அழுகை முடியவில்லை. வேலை முடிகிற மணி அடித்து, கட்டடம் காலியாகி, லிஃப்ட் மெக்கானிக் அவளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நிற்கிறவரைக்கும் முடியவில்லை.